ஆலர் துரையின் வலது கை

ஆலர் துரையைப் புதைத்த மூன்றாம் நாள் காலையில் அவருடைய வலது கை மட்டும் முழங்கை வரைக்கும் மண்ணுக்கு வெளியே வந்து நின்றதை, புன்னைவாயலில் முதன்முதலாகப் பார்த்தது ஒரு வெள்ளாடுதான். புதுமண்ணில் என்ன முளைத்திருக்கிறது என்று முகர்ந்து பார்க்கப் போன அதன் முன்னங்காலைக் கை பிடித்துக்கொண்டது, கொஞ்சம் யோசித்தது, பிறகு விட்டுவிட்டது. ஆடு தன் பாட்டுக்கு மேயப் போயிற்று. ஆட்டுக்காரி ஊருக்குள் வந்து, துரை மறுபடியும் நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டார் என்று சொன்னாள், ஊரும் சரி என்றது. தாது வருஷப் பஞ்சம் ஓய்ந்து வாந்திபேதி தொடங்கியிருந்த வருஷம் அது. பெற்ற பிள்ளையை ஒருபடிக் கம்புக்குக் கொடுத்தவர்களையெல்லாம் பார்த்துவிட்ட ஊர், ஒரு செத்த டாக்டரின் கை வேலைக்குத் திரும்பியதற்காகவா வாய்பிளக்கப் போகிறது?

லேயாள் மட்டும் ஓடினாள். பதினோரு வருஷமாகத் துரையின் கொட்டகையில் தண்ணீர் காய்ச்சி, கட்டுத் துணி துவைத்து, நோயாளிகளைப் புரட்டிப் படுக்க வைத்தவள் அவள். சேரியில் பிறந்து, கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்து, புருஷனைக் கண்டிச் சீமைக்குக் கப்பலேற்றிவிட்டு, எட்டு வயசு மகள் சாலோமியோடு கொட்டகையின் பின்பக்கமே குடியிருந்தவள். மண்ணுக்கு வெளியே நின்ற சட்டைக்கையில் இரண்டாவது பொத்தானைப் பார்த்தாள். வெள்ளை நூல் கிடைக்காமல் கறுப்பு நூலில் அவள்தான் அதைத் தைத்திருந்தாள். தொட்டுப் பார்த்தாள், சூடாக இருந்தது. தன் மணிக்கட்டை அந்த விரல்களுக்குள் வைக்க மட்டும் அவளுக்குத் தைரியம் வரவில்லை, ஏனென்றால் அந்தக் கையின் பேச்சு அவளுக்குத் தெரியும்.

ஆலர் துரை ஜெர்மனி தேசத்தில், வருஷத்தில் பாதி நாள் தரையே தெரியாமல் பனி கொட்டுகிற ஊரில் பிறந்தவர். இருபத்தாறு வயசில் அங்கத்து சர்க்கார் அவரை நெசவாளிகள் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த ஒரு மலைப்பக்கத்துக்கு அனுப்பி, இதற்கு என்ன மருந்து என்று எழுதிக் கேட்டது. அவர் எழுதினார், இந்தக் காய்ச்சலுக்கு மருந்து ரொட்டி, பள்ளிக்கூடம், பிறகு இவர்கள் கழுத்தில் உட்கார்ந்திருக்கும் பிரபுக்களை இறக்கிவிடுவது, மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் கேட்கும் என்று. சர்க்கார் அவரைத்தான் இறக்கிவிட்டது. தெருவில் கல்லையும் மேஜையையும் குவித்துச் சனங்கள் ராஜாவோடு சண்டை போட்டபோது இவரும் சுடத் தெரியாத துப்பாக்கியோடு போய் நின்றார், சிறைக்குப் போனார், வெளியே வந்து மிஷன்காரர்களின் கப்பலேறினார். நோயாளியைப் பார்த்துவிட்டு ஜெபம் பண்ணுவதற்குப் பதிலாக அடுத்த நோயாளியைப் பார்க்கப் போகிறார் என்று மிஷனும் அவரைத் தள்ளிவைத்தது. அப்படித்தான் புன்னைவாயலுக்கு வந்து, சேரிக்கும் இடுகாட்டுக்கும் நடுவே பனையோலைக் கொட்டகை போட்டு, பைபிளில் படித்த தமிழைப் பேசிக்கொண்டு இருபது வருஷம் இருந்தார்.

அந்த இருபது வருஷமும் ஊர் அவரைப் பார்த்துச் சிரித்தது. ஒரு நோயாளியைத் தொட்டதும் சுண்ணாம்புத் தண்ணீரில் கை கழுவுவார், அடுத்தவரைத் தொடுவார், மறுபடி கழுவுவார். துரைக்குக் கையில் தீட்டு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்கள். சேரிப் பெண்பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார், அதற்கும் சிரித்தார்கள். ஆனால் வாந்திபேதி வந்த மாசத்தில் அவர் மிராசுதார் அகோரமூர்த்தியின் வாசலில் போய் நின்று, பெரிய குளத்தில் பேதிக்காரர் துணியை அலசுவதால்தான் ஊர் சாகிறது, குளத்தை மூடுங்கள், நந்தவனக் கிணறு சுத்தமாக இருக்கிறது, அதை மேலத் தெரு, சேரி என்று பார்க்காமல் எல்லாருக்கும் திறந்துவிடுங்கள் என்று சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில் நந்தவனக் கிணற்றைச் சுற்றி முள்வேலி போட்டு மிராசுதாரின் ஆள் காவலுக்கு நின்றான். அகோரமூர்த்தி கெட்டவர் என்று சொல்ல முடியாது. சேரிக்காரன் வாளி இறங்கிய கிணற்றில் குடிப்பதைவிடச் சாவது மேல் என்று உண்மையாகவே நம்பியவர், நிலமும் ஊரும் கையிலிருந்ததால் மற்றவர்கள் சாவதையும் சேர்த்து அவரே முடிவு செய்தார். இருபத்திரண்டு நாளில் துரைக்கும் பேதி கண்டது.

இப்போது கையின் பேச்சுக்கு வருவோம். கொட்டகையில் வரிசையாகக் கிடந்தவர்களின் நடுவே துரை போவார், ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பிடிப்பார். பிழைக்கிற நாடி என்று தெரிந்தால் உடனே விட்டுவிட்டு, இரண்டு விரலால் அந்தக் கையை மெல்லத் தள்ளி, "லேயாளே, தண்ணீர்" என்பார், அடுத்தவரிடம் போய்விடுவார். உப்புப் போட்டுக் காய்ச்சிய தண்ணீரை லேயாள் கரண்டி கரண்டியாக ஊற்றிக்கொண்டே இருப்பாள், பிழைத்துவிடுவார்கள். இனித் தண்ணீராலும் ஆகாது என்று தெரிந்தால் துரை கையை விடமாட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்து, "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டு, அது ஒரு மணியோ நாலு மணியோ, அடங்கும்வரை பிடித்திருப்பார். பத்துப் பேரை அப்படிப் பிடித்தால் ஒருவரோ இருவரோ அவரையும் ஏமாற்றிவிட்டு எழுந்து உட்காருவதும் உண்டு, அன்றைக்குத் துரைக்குச் சந்தோஷம் தாங்காது. இதெல்லாம் கொட்டகைக்குள் நடந்தது. சேரியும் சாவும் நிறைந்த அந்தக் கொட்டகைக்குள் ஊரில் எவரும் கால் வைத்ததில்லை; உள்ளே கிடந்த சேரிக்காரருக்கோ யாரைப் பிடித்தார், யாரை விட்டார் என்று பார்க்கிற நினைவே இருக்காது.

ஊருக்குத் தெரிந்த வைத்தியம் கந்தப்ப வைத்தியருடையது. அவர் நாடி பிடிப்பார், தேறாது என்று பட்டால் ஒன்றும் சொல்லாமல் நோயாளியின் கையைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொள்வார். செருப்புச் சத்தம் கேட்டதும் உள்ளே பெண்கள் அழ ஆரம்பிப்பார்கள். ஆகவே துரையின் கை முதல் நாள் ஒரு வாணியச் செட்டியாரை உடனே விட்டுவிட்டு, ஒரு தச்சர் பெண்ணைப் பிடித்துக்கொண்டபோது, இதன் அர்த்தம் என்ன என்று யாரும் யாரையும் கேட்கவே இல்லை. செட்டியாரை அவர் வீட்டார் அழுதுகொண்டே தூக்கிப் போனார்கள். தச்சர் பெண்ணுக்குக் குலவை போட்டார்கள்.

அப்புறம் எல்லாம் ஒழுங்காக நடந்தது. இடுகாட்டில் பந்தல் வந்தது. ஆண்பிள்ளைக்கு வலது கை, பெண்பிள்ளைக்கு இடது கை என்று நாடி பார்ப்பதுதானே முறை, துரை ஒரே கையைத்தானே அனுப்பியிருக்கிறார் என்று ஒரு நாள் முழுக்கப் பேசி, ஆண்கள் கிழக்கேயிருந்தும் பெண்கள் மேற்கேயிருந்தும் வருவதென்று தீர்த்துக்கொண்டார்கள். மேலத் தெருவுக்குக் காலை, மற்றவர்களுக்குப் பகல், சேரிக்கு வெயில் சாய்ந்தபின் என்று வேளை பிரித்தார்கள். சேரிக்காரர் தொட்டுவிட்டுப் போனபின் மறுநாள் மேலத் தெரு வருமுன் கையை மஞ்சள் தண்ணீரில் கழுவினார்கள்; பேதிக்காரனுக்கும் பேதிக்காரனுக்கும் நடுவே கழுவ வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை நாவிதர் வந்து நகம் வெட்டினார். கறுப்பு நூல் பொத்தானுள்ள சட்டைக்கையைக் கழற்றிவிட்டுச் சரிகைப் பட்டு சுற்றினார்கள், கழற்றியதை லேயாள் எடுத்து வைத்துக்கொண்டாள்.

கை பிடித்துக்கொண்டவரை நூறு எண்ணும்வரை விட்டுவைப்பார்கள், பின்னால் வரிசை காத்திருப்பதால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஆளை எடுத்துக்கொண்டு போவார்கள். கை சற்று நேரம் காற்றில் துழாவும், போனவரைத் தேடும். துரை ஆசீர்வாதம் பண்ணுகிறார் என்று சனங்கள் கும்பிட்டார்கள். அந்தத் துழாவலைப் பார்க்க முடியாமல் லேயாள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

பிடிக்கப்பட்டவர்களுக்கு இளநீரும் கஞ்சியும் ஊரே கொண்டுபோய்க் கொடுத்தது, அப்படியும் பெரும்பாலோர் போனார்கள், வழியில் தும்மியிருப்பார்கள், ஈரத் துணியோடு வந்திருப்பார்கள் என்று ஒரு காரணம் கிடைத்தது. விடப்பட்டவர்களுக்காகத்தான் அகோரமூர்த்தி ஒரு சட்டம் போட்டார். போகிற உசிருக்குத் தண்ணீர் ஊற்றினால் அது இழுத்துக்கொண்டு கிடந்து அவஸ்தைப்படும், ஆகவே விடப்பட்டவர்களுக்குச் சொட்டுத் தண்ணீர் கூடாது, துரையின் பழைய கொட்டகையில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட வேண்டும், அன்றைக்கே காரியமும் செய்துவிட வேண்டும். இரக்கத்தோடு போட்ட சட்டம், அழுதுகொண்டே கடைப்பிடித்தார்கள். விடப்பட்டவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் செத்தார்கள்.

லேயாள் மிராசுதார் வீட்டு வாசலுக்குப் போய்த் தெருவில் நின்றாள்.

"என்னடி லேயா, துரை போனதும் நீ வைத்தியம் பண்ணக் கிளம்பிட்டியா?" என்றார் அகோரமூர்த்தி. பக்கத்தில் கந்தப்ப வைத்தியரும், மிராசுதாரின் மூத்த மகன் தியாகராசனும் இருந்தார்கள்.

"ஆண்டே, அந்தக் கை விடுறது பொழைக்கிறவங்களைத்தான். போற உசுரைத்தான் துரை புடிச்சிக்கிட்டு ஒக்காந்திருப்பாரு. பதினோரு வருசம் பக்கத்துல நின்னு பாத்தவ சொல்றேன். விட்டவங்களுக்கு உப்புப் போட்டுக் காய்ச்சின தண்ணி குடுங்க ஆண்டே, அது போதும்."

"பொழைக்கிறவனை எதுக்குடி விடணும்?"

"அவங்களுக்குத் துரை வேணாம், தண்ணி போதும். அதான் விட்டுட்டு அடுத்த ஆளப் பாக்கப் போவாரு."

கந்தப்ப வைத்தியர் சிரித்தார். "நாப்பது வருசமா நாடி பாக்குறேன். சாகப்போறவன் கையைப் புடிச்சிக்கிட்டு எந்த வைத்தியனாவது ஒக்காருவானா? பேரு கெட்டுப்போயிடாது?"

"விட்டவன்ல ஒருத்தன் பொழைச்சிருக்கானா, சொல்லு" என்றார் அகோரமூர்த்தி.

"தண்ணி குடுக்கலியே ஆண்டே."

"சாகுறவனுக்கு எதுக்குடி தண்ணி?"

 செத்தவரின் கையைப் பற்றிப் பொய் பரப்பியதற்காகப் புளியம் விளாரால் லேயாளுக்குப் பன்னிரண்டு அடி கொடுத்தார்கள். தியாகராசன் மட்டும் அவள் சொன்னதை மனசில் எங்கேயோ வைத்துக்கொண்டு, அடி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

அதற்குப்பின் அவள், வாசலில் வைத்த காவலாள் சாப்பிடப் போகிற வேளையில் கொட்டகையின் பின்தட்டியை நெகிழ்த்தி உள்ளே போய்க் கிடப்பவர்கள் வாயில் தண்ணீர் ஊற்றினாள். சாலோமி வாசலில் நின்று ஆள் வருகிறதா என்று பார்ப்பாள். அப்படி முதலில் எழுந்து உட்கார்ந்தவள் ஒரு கொல்லர் வீட்டு மருமகள். தட்டுத் தடுமாறித் தன் வீட்டுக்கு நடந்து போனாள். அவளுக்குப் பிண்டம் வைத்துத் தலை முழுகியிருந்த புருஷன் கதவைத் திறந்து பார்த்தான், மூடினான். மாமியார் கூரைமேலிருந்து கல்லால் அடித்தாள். காரியம் முடிந்தவள் திரும்பி வந்தால் வீட்டில் இன்னொரு உசிரைக் கொண்டுபோய்விடுவாள் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்ததுதான். பிழைக்கவைத்தவளை லேயாளே அன்று சாயங்காலம் புதைத்தாள். பிறகு பிழைத்தவர்களை ஆற்றைக் கடத்தி, திரும்பி வராதே என்று சொல்லி அனுப்பினாள். அவர்கள் போய்ச் சேர்ந்தார்களா என்று தெரியாது.

ஆவணியில் ஒரு விடியற்காலம் சாலோமிக்குப் பேதி கண்டது.

லேயாள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். உப்புத் தண்ணீர் உள்ளே போனதைவிட வேகமாக வெளியே வந்தது. உச்சிவேளைக்குப் பிள்ளையின் கண் குழிவிழுந்து, விரல் நுனி நீலம் பாரித்துவிட்டது. சேரியின் வேளைக்காக அவள் காத்திருக்கவில்லை, தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு பந்தலுக்கு ஓடினாள். இத்தனை மாசத்தில் அந்தக் கை விட்டுவிட வேண்டுமென்று வேண்டிக்கொண்டு போனவள் ஊரிலேயே அவள் ஒருத்திதான்.

பந்தலில் அகோரமூர்த்தியின் பல்லக்கு நின்றது. அவருக்கும் அன்று காலையில்தான் கண்டிருந்தது. வரிசையை விலக்கி அவரை இறக்கி, பட்டுச் சுற்றிய கைக்குள் அவருடைய மணிக்கட்டை வைத்தான் தியாகராசன். விரல்கள் மூடின. ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணத் தொடங்கி, ஏழு என்று சொல்வதற்குள் கை அவரை விட்டுவிட்டது, இரண்டு விரலால் மெல்லத் தள்ளியும் விட்டது.

தியாகராசன் அவரைத் தூக்கிக்கொண்டு விலகினான். அந்த இடைவெளியில் லேயாள் முன்னால் போய் மகளின் கையை வைத்தாள். விரல்கள் மூடின. நூறு எண்ணினார்கள். பிரிக்கப் போனவர்களின் கையைத் தட்டிவிட்டு அது இன்னும் இறுக்கிப் பிடித்தது. இப்படி எவரையும் பிடித்ததில்லை என்று ஊர் பூரித்துப் போயிற்று. பெண்கள் குலவை போட்டார்கள். வரிசை நாளைக்கு வரட்டும், குழந்தை அப்படியே இருக்கட்டும் என்றார்கள். சேரிப் பிள்ளையின் நிழல் பட்டால் குளிக்கிற மேலத் தெரு அம்மாள் ஒருத்தி மோர்ச் செம்பைக் கொண்டுவந்து, தூக்கிப் பிடித்து, மேலே படாமல் சாலோமியின் வாயில் ஊற்றினாள்.

"அம்மா, துரை கை சூடா இருக்கும்மா" என்றாள் சாலோமி. "எப்பம்மா விடுவாரு?"

"இப்ப விட்டுருவாருடி கண்ணு."

இருபது அடி தள்ளி, கொட்டகையில், தான் போட்ட சட்டப்படி அகோரமூர்த்தி கிடத்தப்பட்டிருந்தார். அவருடைய குரல் பந்தல்வரைக்கும் கேட்டது. "தியாகு, தண்ணி குடுறா. லேயா சொன்னாளே. அவ சொன்னதுதான்டா நெசம். அவளைக் கேளுடா."

தியாகராசன் ஒரு செம்புத் தண்ணீரோடு வந்து லேயாள் எதிரில் நின்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவனுக்கு அப்பன்மேல் உசிர். ஊர் முழுக்க அவர்களைச் சுற்றி நின்றது.

"லேயா, அன்னிக்கு எங்க வாசல்ல நின்னு ஒண்ணு சொன்னியே. விட்டா பொழைப்பாங்க, புடிச்சா போயிடுவாங்கன்னு. இப்ப எல்லாருக்கும் முன்னால சொல்லு. நீ சொன்னா நான் இந்தத் தண்ணியைக் குடுத்துடுறேன். யாரு என்ன சொன்னாலும் சரி."

பன்னிரண்டு அடி வாங்கியும் கேட்க ஆளில்லாத பேச்சு, இப்போது ஊரே காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறது. துரை இருபது வருஷம் கேட்டுக் கிடைக்காதது இதுதான். ஆம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மிராசுதார் பிழைப்பார், இனிமேல் விடப்படுகிறவர்கள் எல்லாரும் பிழைப்பார்கள். லேயாள் தன் மகளின் மணிக்கட்டைச் சுற்றியிருந்த அந்த விரல்களைப் பார்த்தாள். பத்தில் ஒன்று இரண்டு துரையே தவறியிருக்கிறார், அவளுக்கும் தெரியும். ஆனால் ஆம் என்று தன் வாயால் சொல்லிவிட்டால் அந்த ஒன்றும் இரண்டும்கூடப் போய்விடும் என்று அவளுக்குத் தோன்றியது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, ஊர் சொல்வது சரியாக இருந்துவிட வேண்டும், துரை சொன்னது தப்பாகிவிட வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

"இல்ல சின்னாண்டே" என்றாள். "நான் அன்னிக்குச் சொன்னது பொய்."

தியாகராசன் செம்பைக் கவிழ்த்தான். தண்ணீர் அவன் காலடியில் ஊறிப் போயிற்று. கொட்டகையிலிருந்து வந்துகொண்டிருந்த குரல் மூன்றாம் நாள்தான் நின்றது, அத்தனை திடமான உடம்பு அவருக்கு.

சாலோமி அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சற்று முன்னால், அவள் கேட்டபடியே, துரையின் கை அவளை விட்டது. அதுவரைக்கும் ஒரு தடவைகூடத் தளரவில்லை. முழுதாகப் பார்த்த ஊருக்கு இப்போதாவது உறைத்திருக்கலாம் என்று நினைப்பீர்கள். பெற்றவள் அன்றைக்குப் பொய் சொன்ன பாவம் பிள்ளைமேல் விழுந்துவிட்டது, அவளே வாயால் ஒப்புக்கொண்டாளே என்று பேசிக்கொண்டு கலைந்தார்கள். மோர் கொடுத்த அம்மாள் செம்பைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வைத்தாள்.

மகளைப் புதைத்த மறுநாள் காலை, மேலத் தெரு வரிசையில் நிற்கும்போதே, லேயாள் நேராகப் போய்த் தன் மணிக்கட்டை அந்த விரல்களுக்குள் வைத்தாள். பிடித்துக்கொள், விடாதே என்பதைத் தவிர அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கட்டைவிரல் நாடியைத் தேடியது, கண்டுபிடித்தது, அடையாளம் தெரிந்துகொண்டதுபோல ஒரு கணம் நின்றது. பிறகு விட்டுவிட்டது. இரண்டு விரலால் அவள் கையை மெல்லத் தள்ளி, கொட்டகைப் பக்கம், தண்ணீர்ப் பானைகள் இருந்த திசைக்கு அனுப்பியது.

ஊர் பார்த்தது, ஒதுங்கிக்கொண்டது. அன்றே அவளுக்குச் செய்ய வேண்டியதைச் சேரியில் செய்து முடித்தார்கள். அதன்பின் யாரும் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை, பேசவில்லை, எதிரில் வந்தால் பார்க்கவில்லை. செத்தவளை எப்படித் தடுப்பது, தீட்டு எங்கே படும்? நந்தவனக் கிணற்றின் முள்ளை விலக்கிக்கொண்டு அவள் தினமும் சேந்திக் குடித்தாள், காவலாள் வேறுபக்கம் பார்த்தான். அந்தக் கிணறு எல்லாருக்கும் திறக்க வேண்டும் என்று துரை கேட்டது அவள் ஒருத்திக்கு மட்டும் நடந்தது. ஊர் குளத்துத் தண்ணீரையே குடித்தது, மூன்று வருஷத்துக்கொரு தடவை பேதி வந்து போயிற்று. அவள் விடப்பட்டவர்களுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஊற்றாமல் விட்ட ஒருவரின் குரலும் அந்தக் கொட்டகையில் அவளோடு குடியிருந்தது.

நாற்பத்தொரு வருஷம் இருந்தாள். பந்தல் போயிற்று, பட்டு மக்கிப் போயிற்று, பேதி இல்லாத வருஷங்களில் எருமை சினையா என்று பார்க்க மட்டும் யாராவது கைக்கு வந்தார்கள். பழைய சட்டைக்கையை அவள்தான் மறுபடி அதற்கு மாட்டிவிட்டாள். ஒவ்வொரு நாள் காலையிலும் போய் மணிக்கட்டை வைப்பாள், கை ஒவ்வொரு நாளும் அவளை விட்டுத் தள்ளிவிடும், எழுந்து தண்ணீர் காய்ச்சப் போவாள்.

ஒரு மார்கழியில், உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் கொஞ்சம் மூச்சு மட்டும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு காலையில், வழக்கம்போல வைத்தாள். விரல்கள் மூடின. அவள் எழுந்திருக்கப் பார்த்தாள், விடவில்லை. லேயாள் பக்கத்தில் ஈர மண்ணில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.